பாய் வெட்டிய இரண்டு வரி

முத்தலிப் பாய் கவிதைகளைக் கட்டைவிரலால் அளப்பார். கணினியில் நினைவஞ்சலி விளம்பரம் ஒன்றை வடிவமைத்து முடித்ததும் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளி, ஒரு கண்ணை மூடி, கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடிப்பார். மேலே இறந்தவரின் படம், கீழே குடும்பத்தார் பெயர்கள். நடுவில் வரும் கவிதை அந்த விரலின் உயரத்துக்குள் அடங்க வேண்டும். அடங்கினால், "சரி, அனுப்பிடலாம்" என்பார். அடங்காவிட்டால் எங்காவது ஒரு வரி போகும்.

தொடக்கப்பள்ளியில் படித்த காலத்திலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கடையில் என் அம்மா திருமண அழைப்பிதழ்களை மடித்து உறையில் போடும் வேலை செய்தார். சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், மளிகைக் கடைக்கு மேலே, மாடியில் கடை. பள்ளி விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். பட்டத்தை வாங்கிக்கொண்டு நான் திரும்பிப் போன இடமும் அந்த மாடிதான். அனுப்பிய வேலை விண்ணப்பங்களுக்குப் பதில் வரும் வரைக்கும் என்று முதலாளி ஒரு மேசை கொடுத்தார். அது பாயின் மேசைக்கு எதிரே இருந்தது.

அப்துல் முத்தலிப் என்பது அவருடைய முழுப்பெயர். அவருடைய வாப்பா நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஜாலான் புசாரில் குடைக்கடை வைத்திருந்தவர். பாய் இங்கேயே பிறந்தார். இளைஞர்களுக்குக் கட்டாயமான ராணுவப் பணியான தேசிய சேவையை முடித்துவிட்டு, அச்சான அட்டைகளை வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுக்கும் வேலைக்கு இந்தக் கடையில் சேர்ந்தார். கடைக்குக் கணினி வந்தபோது அதன் முன்னால் உட்கார ஆளில்லை. பாய் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. நகரத்து இந்துக் குடும்பங்களின் துக்கம் எல்லாம் ஒரு முஸ்லிமின் விரல் வழியாகத்தான் நாளிதழுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

"இத்தனை கவிதை அடிச்சிருக்கீங்களே, உங்களுக்கு எது பிடிக்கும் பாய்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் எங்கம்மா படிக்கிறேன்? அளக்குறேன்" என்று சிரித்தார்.

முகப்பு மேசையில் பிளாஸ்டிக் உறை போட்ட மாதிரித்தாள் ஒன்று இருக்கும். அதில் வரிசை எண் போட்ட கவிதைகள். துக்கத்தில் வருகிறவர்கள் அதைப் படித்துப் பார்ப்பது அபூர்வம். பாயைத்தான் கேட்பார்கள். "நம்பர் ஃபோர் போடுங்க, அமைதியா இருக்கும்" என்பார். அவர்களும் தலையாட்டுவார்கள். நான்காம் எண் கவிதை யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது.

ஓய்ந்தன திரைகள்; ஒடுங்கின புட்கள்;
சாய்ந்த மாலையில் சலனம் இல்லை;
துளங்கா நீரில் தோணி கிடந்தது;
வளியை நிறுத்திய கைதான் யாதோ?

இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். புரிந்ததா என்று என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை. பார்ப்பதற்குக் கவிதை போல இருந்தது, அது போதுமாக இருந்தது.

போன ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தங்கம் என்ற அம்மா மாடியேறி வந்தார். உட்லண்ட்ஸிலிருந்து ரயிலில் வந்ததாகச் சொன்னார். மூச்சு வாங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. கைப்பேசியை எடுத்து நீட்டினார். அவருடைய கணவர் வடிவேலுவின் முதலாமாண்டு நினைவஞ்சலிக்காக நாங்கள் அனுப்பியிருந்த விளம்பரத்தின் மாதிரி அது. மறுநாள் நாளிதழில் வர வேண்டியது. மகன் சரத் வாட்ஸ்அப்பில் படத்தையும் பெயர்களையும் அனுப்பி ஏற்பாடு செய்திருந்தார்.

"இதுல என் பேரு மொதல்ல இருக்கு, அவன் பேரு அடுத்து இருக்கு. சரிதான்" என்றார் தங்கம். "ஆனா இந்தப் பாட்டுக்கு அர்த்தம் தெரியாம நான் ஓகே சொல்ல மாட்டேன், பாய்."

"நல்ல பாட்டுக்கா. அமைதியைப் பத்தினது. நெறைய பேரு போடுறாங்க."

"நெறைய பேரு வீட்டுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. என் வீட்டுல நடந்தது எனக்குத் தெரியும்."

அவர் சொல்லச் சொல்ல விஷயம் விளங்கியது. ஓராண்டாக மகன் அவரிடம் சரியாகப் பேசுவதில்லை. பணம் போடுகிறான், மருந்து வாங்கித் தருகிறான், வீட்டுக்குள் வருவதில்லை. இந்த விளம்பரத்தில் இருவர் பெயரும் சேர்ந்து வருவதுதான் முதல் இணக்கம். தங்கம் மறுத்துவிட்டால் சரத் தன் பெயரில் மட்டும் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மனைவி பெயர் இல்லாத நினைவஞ்சலியைப் பார்த்துவிட்டுக் கோயிலிலும் சந்தையிலும் என்ன கேட்பார்கள் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். நினைவஞ்சலிப் பக்கத்தைத் திறக்கிறவர்கள் முதலில் பெயர்களைத்தான் படிக்கிறார்கள்.

"ரக்ஷனா, நீதானே படிச்ச புள்ள, கொஞ்சம் சொல்லும்மா" என்று பாய் என்னைப் பார்த்தார்.

நான் படித்தது வணிகம். தமிழ், உயர்நிலைப் பள்ளியோடு நின்றது. அங்கேயும் கவிதை என்றால் அருஞ்சொற்பொருளை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மதிப்பெண் வாங்குவதுதான். கைப்பேசியில் அகராதியைத் திறந்து ஒவ்வொரு சொல்லாகத் தட்டினேன்.

"திரைன்னா அலை, ஆன்ட்டி. அலையெல்லாம் ஓய்ஞ்சிடுச்சு. புட்கள்னா பறவைங்க. கூட்டுக்குப் போயி அடங்கிடுச்சு."

தங்கம் மெதுவாக உட்கார்ந்தார்.

"சலனம்னா அசைவு. சாயங்காலத்துல ஒரு அசைவும் இல்ல. துளங்கான்னா ஆடாத, அசையாத. அசையாத தண்ணியில ஒரு தோணி கிடக்குது."

"அவருக்குப் பிடிச்ச மாதிரியே இருக்கு" என்றார். குரல் இளகியிருந்தது. "டாக்சி ஓட்டி முடிச்சிட்டு நேரா வாட்டர்ஃப்ரண்ட்டுக்குத்தான் போவாரு. எதிர்க்கரையில ஜொகூரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. வீட்டுக்கு வாங்கன்னா, இரு, தண்ணி அடங்கட்டும்பாரு. தண்ணி என்னைக்கு அடங்கியிருக்கு?"

பாயும் சிரித்தார். வேலை முடிந்தது என்று நினைத்து அவர் கை மவுஸைத் தேடியது.

"கடைசி வரி?"

"வளின்னா..." அகராதி காட்டியதை அப்படியே படித்தேன். "காத்து. காத்தை நிறுத்தின கை எதுவோன்னு கேட்குது."

அவர் அசையவில்லை. கைப்பேசியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்தன. கீழே மளிகைக் கடையில் யாரோ மூட்டையை இறக்கும் சத்தம் கேட்டது.

"கேட்டுட்டானா?" என்றார். "வாய் விட்டுக் கேட்காம பேப்பர்ல கேட்டுட்டானா?"

"யாருக்கா? என்ன கேட்டாரு?"

"ஆஸ்பத்திரியில அவருக்கு மூச்சு குடுத்த காத்து மெஷினை எடுத்துடலாம்னு டாக்டருக்குச் சொன்னது நான்தான், பாய். என் மவன் அப்போ ஃப்ளைட்ல இருந்தான். அவன் வந்து இறங்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு."

அதன் பிறகு அவர் யார் பேச்சையும் கேட்கவில்லை. சரத்துக்குப் போன் செய்து, "இப்ப வர்ற. இங்க வர்ற. இல்லைன்னா என் பேரை எடுத்துடு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பாய் டீ வரவழைத்தார். அது ஆடை கட்டி ஆறிப் போனது. நாளிதழுக்கு மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். கைப்பேசி அடித்தபோதெல்லாம் பாய் எடுத்து, "கொஞ்சம் டைம் குடுங்க, வருது, வருது" என்றார். இடையில் மாதிரித்தாளை எடுத்து நான்காம் எண்ணை உதடு அசையப் படித்தார். ஒரு கவிதையை அவர் அப்படிப் படித்து நான் பார்த்தது அன்றுதான். முகம் மாறியதைக் கவனித்தேன். தாளை முகப்பு மேசையில் வைக்காமல் தன் இழுப்பறைக்குள் கவிழ்த்துப் போட்டார்.

சரத் அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஓடி வந்தார். முப்பது வயது தாண்டியிருக்கும்.

"என்னம்மா இது? மீட்டிங்ல இருந்து வர்றேன்."

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"எதுக்கு?"

"கடைசி வரிக்கு."

சரத் குனிந்து பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் போல உதடு நகர்ந்தது. "எனக்குத் தெரியாதும்மா. அதுல பாதி வார்த்தை எனக்குப் புரியவே இல்ல லா. நம்பர் ஃபோர் நல்லா இருக்கும்னு பாய் சொன்னாரு. ஓகேன்னேன்."

"புரியாததையா உங்கப்பாவுக்குப் போட்ட?"

"எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

"பொய் சொல்லாத. கேட்கணும்னா நேரா கேளு. என் மூஞ்சியைப் பார்த்துக் கேளு. ஊரே படிக்கிற மாதிரி கேட்காத."

"நான் எதுவும் கேட்கலம்மா!"

"ஒரு வருசமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்க. வாசல்ல பையை வச்சிட்டுப் பெல் அடிச்சிட்டுப் போறியே, அதுக்குப் பேரு என்ன?"

சரத் அடையாள அட்டையின் பட்டையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு தணிந்த குரலில், "சரி, கேட்குறேன்" என்றார். "அரை நாளும்மா. அரை நாள் எனக்காக வெயிட் பண்ணியிருக்கக் கூடாதா?"

கவிதை கேட்டது இதைத்தான் என்று எனக்கு அப்போது தோன்றியது. சரத் நினைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் கேள்வி அவருக்குள் இருந்தது, தாளிலும் இருந்தது. நான் சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். அகராதியை மூடவும் தெரியவில்லை, எங்கே பார்ப்பது என்றும் தெரியவில்லை.

அப்போது பாய் எழுந்து நின்றார்.

"தம்பி, அக்கா, ஒரு நிமிசம். இந்தப் பாட்டு நாலு வரி இல்ல. ஆறு வரி."

இருவரும் திரும்பினார்கள்.

"முதல்ல இது பேப்பருக்கு வந்தது இல்ல. ஜாலான் புசார்ல பம்பு சாமான் கடை வச்சிருந்த ஒரு குடும்பம், பதினாறாம் நாள் காரியத்துக்கு அட்டை அடிக்கக் கொண்டுவந்தாங்க. அட்டை பெருசு, ஆறு வரியும் நின்னுச்சு. பாட்டு நல்லாருக்குன்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. பேப்பர் விளம்பரத்துல இடம் பத்தல." கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு கூச்சப்பட்டது போல மடக்கிக்கொண்டார். "கடைசி ரெண்டு வரியை நான் வெட்டிட்டேன். அந்தக் கை யாரோடதுன்னு அதுலதான் இருந்துச்சு. உங்க மவன் உங்களைக் கேட்கலக்கா. கேள்விக்குப் பதில் இருந்துச்சு. அதை எடுத்துப் போட்டவன் நான்."

இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பேசாமல் ஐந்தாம் எண்ணைப் போட்டிருக்கலாம். இதைச் சொன்னதால் எத்தனை குடும்பங்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. பிறகொரு நாள் கவிதையின் முதல் வரியை இணையத்தில் தேடிப் பார்த்தபோதுதான் உறைத்தது. வேறு வேறு முகங்கள், வேறு வேறு குடும்பங்கள், வேறு கடைகள் எங்களைப் பார்த்து எடுத்துப் போட்டவைகூட. எல்லாவற்றிலும் நான்கே வரி. எல்லாம் அதே கேள்வியில் நின்றன.

"அப்ப யாரு கை?" என்றார் தங்கம்.

பாய் மாதிரித்தாளைப் போட்ட இழுப்பறையைப் பார்த்தார்.

"யாரு கை, பாய்?"

"ஞாபகம் இல்லக்கா."

"ரெண்டு வரிதானே, நீங்களே எழுதிடுங்க பாய்" என்றார் சரத். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "காலம்னு போடுங்க, கடவுள்னு போடுங்க. ஏதாவது. டைம் ஆகுது."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பாயின் காதருகே போய், "கடவுள் கைன்னு சொல்லிடுங்க, பாய். யாருக்கும் கஷ்டம் இல்ல" என்றேன்.

பாய் உட்கார்ந்து விசைப்பலகையில் கை வைத்தார். 'காலத்தின்' என்று அடித்தார். அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாய் ஒவ்வொரு எழுத்தாக அதை அழித்தார்.

"நான் ஏதாவது எழுதினா என் வேலை முடிஞ்சிரும். ஆனா இந்தக்கா வீட்டுக்குப் போயி அதை நம்பிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். அது என்னால ஆகாது தம்பி."

தங்கம் வலது கையை எடுத்து முகப்பு மேசையின் கண்ணாடி மேல் விரித்து வைத்தார். நரம்பு புடைத்த கை, நிறம் மங்கிய ஒற்றை வளையல்.

"இந்தக் கைதான்டா" என்றார் மகனைப் பார்த்து. "பாட்டுல யாரு கைன்னு எனக்குத் தெரியாது. உங்கப்பாவுக்கு இந்தக் கைதான். மெஷின் ஊதும்போது நெஞ்சு ஏறுச்சு, விடும்போது இறங்குச்சு. அதுல அவரு இல்லடா. மூஞ்சியில ஒட்டியிருந்த டேப்பை எடுக்கும்போது நான் அவரு கையைப் பிடிச்சிருந்தேன். ஒரு வாட்டி விரலை இறுக்கினாரு. அது அவருதானா, சும்மா நரம்பா, எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நீ இருந்திருந்தா உன்னைக் கேட்டிருப்பேன்."

சரத் அந்தக் கையைப் பார்த்தார். தொடவில்லை. ஆனால் அதன் அருகே, கண்ணாடியில் தன் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "விரலை இறுக்கினாருன்னு நீங்க சொல்லவே இல்லையேம்மா" என்றார்.

"நீ எங்கடா உட்கார்ந்த, சொல்றதுக்கு?"

மீண்டும் நாளிதழிலிருந்து அழைப்பு வந்தது. பாய் எடுக்காமல் தங்கத்தைப் பார்த்தார்.

"பாட்டு வேணாம்" என்றார் அவர். "ரெண்டு பேரு பேரும் இருக்கட்டும். நடுவுல அந்த இடம் அப்படியே வெள்ளையா இருக்கட்டும்."

"வெள்ளையாவா? பிழைன்னு நெனைப்பாங்கக்கா."

"நெனைக்கட்டும். அடுத்த வருசம் ஆறு வரியும் போடணும். அந்த ரெண்டு வரியை நீங்க எனக்குத் தரணும், பாய்."

"தர்றேன்கா" என்றார். "தேடித் தர்றேன்."

மறுநாள் வடிவேலுவின் படத்துக்குக் கீழே ஒரு விரல் உயரத்துக்கு வெற்றிடத்தோடு விளம்பரம் வந்தது. மை பதியவில்லையா என்று கேட்டு நான்கைந்து பேர் கடைக்குப் போன் செய்தார்கள்.

அன்று முதல் பாய் யாருக்கும் நான்காம் எண்ணைக் கொடுக்கவில்லை. "போன தடவை போட்டோமே, நல்லாருந்துச்சே" என்று கேட்டவர்களுக்கு, "அது பாதிதாங்க இருக்கு. மீதி வரட்டும்" என்று சொன்னார். முதலாளி முறைத்தார். பாய் கண்டுகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாலான் புசாருக்குப் போய் விசாரித்தார். பம்பு சாமான் கடை இருந்த இடத்தில் இப்போது சின்ன ஹோட்டல். பக்கத்து ஆணிக்கடைக்காரர், அந்தக் குடும்பம் ஜொகூருக்குப் போய்விட்டது என்றார். பாய், ஜொகூருக்குப் போகும் கடற்பாலமான காஸ்வேயில் பேருந்து நெரிசலில் நின்று போய்வந்தார். அந்த வீட்டுப் பெரியவர்கள் யாரும் இல்லை. மருமகள் ஒருவருக்கு அட்டை அடித்தது நினைவிருந்தது, அட்டை இல்லை. பாட்டை எழுதியது யார் என்று கேட்டதற்கு, "மாமாவோட கூட்டாளி யாரோ" என்றாராம். திங்கட்கிழமை காலையில் அவர் மாடியேறி வரும் வேகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். கேட்க மாட்டேன்.

மெல்ல இன்னொன்றும் மாறியது. புதிய கவிதை எது வந்தாலும், அடிப்பதற்கு முன்னால், "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்க ஆரம்பித்தார். எனக்கும் பல சொற்கள் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து தேடுவோம். சொற்களுக்கு விடை கிடைத்த பிறகும் அவர் உடனே தட்டச்சு செய்யத் தொடங்க மாட்டார். "இது யாரு யாருக்கிட்ட சொல்றது?" என்று கேட்பார். அகராதியில் அதற்கு இடமில்லை.

இந்த ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்து சில வாரங்களில், கடைக்குக் கிளம்பும் நேரத்தில், வீட்டில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பாய் சரிந்துவிட்டார். அன்றே அடக்கம் நடந்தது. துக்கம் விசாரிக்கப் போனபோது, அவருடைய மனைவி சம்சுன்னிசாவிடம், பேப்பரில் ஏதாவது போட வேண்டுமா என்று முதலாளி கேட்டார். "ஊருக்கெல்லாம் அவருதான் போட்டாரு. அவருக்கு யாரு போடுறது? வேணாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமையானா யாரையோ தேடிப் போவாரே, கிடைச்சாங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

போன வாரம் தங்கம் வந்தார். இந்த முறை சரத்தும் கூட வந்திருந்தார். படி ஏறும்போது அம்மாவின் பையை அவர் வாங்கிப் பிடித்திருந்தார். தங்கம் அதே நாற்காலியில் உட்கார்ந்து, பாயின் காலி மேசையைப் பார்த்தார்.

"பாய் இல்ல? எனக்கு ரெண்டு வரி தரணும்."

நான் சொன்னேன். அவர் புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தேடினாரா?"

"கடைசி வரைக்கும் தேடினாரு, ஆன்ட்டி."

"தேடுவாரு. தெரியும்." சரத்தைப் பார்த்தார், பிறகு என்னை. "அந்த நாலு வரியையும் போடு. கேள்வியோட போடு, பரவாயில்ல. கீழ ரெண்டு வரிக்கு இடம் விட்டுடு."

பாயின் நாற்காலியில் உட்கார்ந்து நான்கு வரிகளையும் அடித்தேன். அதற்குக் கீழே எவ்வளவு இடம் விடுவது என்று தெரியவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டிப் பார்த்தேன். ஆறு வரி அந்த விரலுக்குள் அடங்காது. விளம்பரத்தின் உயரத்தைக் கூட்டினேன். பாய் தர வேண்டிய இரண்டு வரிக்கான இடம் காலியாகவே நாளிதழுக்குப் போனது.